முதுகு காட்டும் இருக்கை

1933ஆம் ஆண்டு அமெரிக்காவின் பன்னி பேர் நிறுவனம் கார்களுக்கென்று ஒரு குட்டி நாற்காலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தக் காலத்துக் கார்களில் பின்னிருக்கை ஒரே நீளப் பலகையாக இருக்கும். பிள்ளைகள் அதில் ஏறிக் குதித்தார்கள், ஜன்னலில் தொங்கினார்கள், வண்டி ஓட்டும் அப்பாவின் கழுத்தைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டார்கள். பிள்ளை ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அது என்ன செய்கிறது என்று முன்னால் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும், வெளியே வேடிக்கை பார்க்கும் உயரத்துக்கு அதைத் தூக்கி வைக்க வேண்டும். இவற்றுக்காகத்தான் அந்த நாற்காலி பிறந்தது. விபத்தில் பிள்ளை பிழைக்குமா என்ற கேள்விக்கும் அதற்கும் அப்போது எந்தச் சம்பந்தமும் இல்லை.

1940களில் வந்தவை இன்னும் எளிமையானவை. இரும்புக் குழாயில் ஒரு சட்டம், அதில் தைத்த முரட்டுத் துணிப் பை, பையில் கால் நுழைய இரண்டு துளைகள். மேலே இருந்த இரண்டு கொக்கிகளை இருக்கையின் முதுகுப் பலகையில் மாட்டிவிட்டால் பிள்ளை அப்பா அம்மாவுக்கு நடுவே, கண்ணாடிக்கு நேரே தொங்கியபடி வரும். சில மாடல்களில் பிள்ளை சுற்றி விளையாட ஒரு பொம்மை ஸ்டீயரிங்கூட உண்டு. பிரேக்கைக் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் அந்தக் கொக்கிகளைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. பெரியவர்களுக்கே கார்களில் பெல்ட் இல்லாத காலம் அது என்பதால், இதை ஒரு குறையாக யாரும் எண்ணவில்லை. முதலில் பெரியவர்களுக்கு ஒரு வழி பிறக்க வேண்டியிருந்தது.

அந்த வழி சுவீடனில் பிறந்தது. போர் விமானங்களிலிருந்து விமானியை வெளியே வீசும் இருக்கைகளில் வேலை செய்து பழகிய நீல்ஸ் போலின் என்ற பொறியாளர், வால்வோ நிறுவனத்துக்கு வந்து 1959இல் மூன்று முனைகளில் பூட்டும் பெல்ட்டைக் கொடுத்தார். அதன் காப்புரிமையை வால்வோ மற்றவர்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. இடுப்பெலும்பையும் தோளெலும்பையும் பிடித்து நிறுத்துவதுதான் அந்தப் பெல்ட்டின் சூட்சுமம். ஆனால் கைக்குழந்தையின் இடுப்பு இன்னும் குருத்தெலும்பு. பெல்ட் அங்கே நிற்காமல் வழுக்கி வயிற்றில் ஏறிவிடும். பெரியவரைக் காத்த பட்டை குழந்தையின் குடலைக் கிழிக்கும் பட்டையாக மாறக்கூடும். ஆகவே குழந்தைக்கு வேறொன்று தேவைப்பட்டது. அது என்ன என்பதற்கு 1962இல் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் ஒரே சமயத்தில் விடை தேடினார்கள்.

இங்கிலாந்தில் ஜீன் ஏம்ஸ், குழந்தையின் இரு தோள்களிலும் இறங்கிக் கால்களுக்கிடையே ஒன்றுசேரும் பட்டைகளோடு ஓர் இருக்கையை வடிவமைத்தார். அமெரிக்காவில் டென்வர் நகரத்து லியோனார்ட் ரிவ்கின், உலோகச் சட்டத்துக்குள் பிள்ளையை முன்பார்த்து உட்காரவைக்கும் இன்னொன்றைச் செய்தார். ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாது. ஆனால் நோக்கம் ஒன்று: மோதலில் குழந்தை பிழைக்க வேண்டும். முப்பது ஆண்டுகளாகக் குறும்பை அடக்கி வைத்திருந்த நாற்காலி, அந்த ஆண்டுதான் முதன்முறையாக உயிரைப் பற்றி யோசித்தது. இருந்தும் எந்தத் திசையில் குழந்தையை உட்காரவைப்பது என்ற பெரிய கேள்வியை யாரும் ஆழமாக ஆராயவில்லை. அதற்கான பதில் தரையில் இருக்கவில்லை.

பெர்டில் ஆல்ட்மன் சுவீடனைச் சேர்ந்த மருத்துவர். மோதலின்போது மனித உடலுக்கு என்ன நேர்கிறது என்பதை ஆராய்ந்துகொண்டிருந்தவர். பின்னாளில் கோத்தன்பர்க் நகரின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1960களின் தொடக்கத்தில் ஜெமினி விண்கலத்து வீரர்களின் இருக்கையைத் தொலைக்காட்சியில் பார்த்ததுதான் அவருக்குப் பொறி தட்டிய தருணம் என்று சொல்வார்கள். ராக்கெட் சீறிக் கிளம்பும்போது வீரர்கள் மல்லாந்து கிடப்பார்கள். உடம்பை அழுத்தும் விசை முழுவதையும் முதுகு, இடுப்பு, தலை என்று பின்பக்கம் முழுக்கப் பரப்பி ஏந்திக்கொள்வதற்காக அந்த இருக்கை உடலின் வடிவத்துக்கே வார்க்கப்பட்டிருந்தது. ஆல்ட்மனின் மனத்தில் அந்தக் காட்சி அப்படியே திரும்பிக்கொண்டது. காரில் முன்னால் மோதும்போது விசை வருவதும் ஒரே திசையில்தானே? குழந்தையை ஏன் அந்தத் திசைக்கு முதுகு காட்டி உட்காரவைக்கக் கூடாது?

இந்தக் கேள்வியின் அருமை குழந்தையின் உடலமைப்பைப் பார்த்தால்தான் புரியும். பிறந்த குழந்தையின் உயரத்தில் கால் பங்கு தலை. பெரியவருக்கு அது ஏழில் ஒரு பங்குகூட இருப்பது அரிது. அந்தக் கனமான தலையைத் தாங்கும் கழுத்து முள்ளெலும்புகள் இன்னும் முழுதாக இறுகாத குருத்து. அவற்றைக் கட்டியிருக்கும் தசைநார்களும் நெகிழ்வானவை. முன்பார்த்து அமர்ந்திருக்கும் குழந்தையின் உடம்பைப் பட்டைகள் பிடித்து நிறுத்திவிடும், தலையைப் பிடிக்க ஆள் இல்லை. அது முன்னே பாயும்போது கழுத்து நீளும். நரம்புத் தண்டு அந்த நீட்சியைத் தாங்காது. பின்பார்த்து அமர்ந்தால் தலையும் கழுத்தும் முதுகும் ஒன்றாக ஓட்டுக்குள் அமுங்கும். எதுவும் தனியே பிய்த்துக்கொண்டு போவதில்லை. 1964இல் ஆல்ட்மனின் முதல் மாதிரி சோதிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து வால்வோ, முன் பயணி இருக்கையையே திருப்பிப்போட்டு அதில் பிள்ளையை உட்காரவைக்கும் ஏற்பாட்டைக் கொடுத்தது. 1972இல் பின்பார்த்த தனி இருக்கை கடைக்கே வந்துவிட்டது. மூன்று, நான்கு வயது வரைக்கும் பிள்ளைகளைப் பின்பார்த்து உட்காரவைப்பது சுவீடனில் வழக்கமாகிப்போனது. உலகின் மற்ற பகுதிகள் அந்த யோசனையைக் கேட்டுக்கொள்ள இன்னும் வெகுகாலம் பிடித்தது.

அமெரிக்கக் கார் நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. 1968இல் ஃபோர்டு ‘டாட் கார்ட்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது: பிளாஸ்டிக் நாற்காலி, அதன் முன்னால் பிள்ளை விழுந்து தழுவிக்கொள்ள மெத்தை வைத்த தடுப்பு. ஜெனரல் மோட்டார்ஸ் ‘லவ் சீட்’ என்று பெயரிட்டு ஒன்றையும், அடுத்த ஆண்டே கைக்குழந்தைக்குப் பின்பார்த்த இன்னொன்றையும் வெளியிட்டது. இன்று மகப்பேறு மருத்துவமனை வாசல்களில் தூக்கிக்கொண்டு போகும் கிண்ணம் போன்ற சீட்டுக்கு அதுதான் பாட்டி முறை. அதே நேரத்தில் அந்தப் பழைய கொக்கி நாற்காலிகளும் கடைகளில் பக்கத்திலேயே, மலிவாக, நிறைய அடுக்கப்பட்டிருந்தன. நல்லதையும் கெட்டதையும் பிரித்துச் சொல்ல அரசாங்கம் வந்தாக வேண்டும் என்று குழந்தை மருத்துவர்கள் குரல் எழுப்பினார்கள். அரசாங்கம் வந்தது. ஆனால் வந்த விதம்தான் விநோதம்.

1971இல் அமெரிக்கா குழந்தை இருக்கைகளுக்கு முதல் தரவிதியை எழுதியது. சீட்டைக் காரின் பெல்ட்டால் கட்ட வேண்டும், குழந்தையைப் பட்டையால் பிடிக்க வேண்டும் என்று அது சொன்னது, அவ்வளவும் சரி. ஆனால் சோதனை என்ற பெயரில் செய்தது சீட்டை மெல்ல இழுத்துப் பார்ப்பதுதான். ஓடும் வண்டி சட்டென்று நிற்கும் அந்த நொடியின் பத்தில் ஒரு பங்கை அது பார்க்கவே இல்லை. அடுத்த ஆண்டு ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ இதழ், அரசு முத்திரை வாங்கிய சீட்களை உண்மையான மோதல் வேகத்தில் சோதித்துப் பார்த்தது. பெரும்பாலானவை தேறவில்லை. சட்டப்படி சரியான சீட்டில், சட்டப்படி சரியாகக் கட்டிய பிள்ளைக்கும் பாதுகாப்பு இல்லை என்பது அன்று ஊருக்குத் தெரிந்தது. பொம்மைக் குழந்தைகளை உட்காரவைத்து மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்க்கும் சோதனை கட்டாயமாக 1981 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் கிடந்த அந்தப் பத்து ஆண்டுகளில்தான் இந்தக் கதையின் மிக முக்கியமான மனிதர் வருகிறார். அவர் பொறியாளர் அல்ல.

டென்னசி மாநிலத்தின் மர்ஃப்ரீஸ்பரோ ஊரில் ராபர்ட் சாண்டர்ஸ் குழந்தை மருத்துவர்; ரதர்ஃபோர்டு மாவட்டச் சுகாதாரத் துறையின் தலைவர். தடுப்பூசி போட்டு நோயைத் தடுப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. தன்னிடம் வரும் பிள்ளைகள் போலியோவில் சாகவில்லை, அம்மை நோய்களில் சாகவில்லை, கார்களில் செத்துக்கொண்டிருந்தார்கள். இதற்கும் ஒரு தடுப்பூசி உண்டு, அது கடையில் விற்கிறது, யாரும் போட்டுக்கொள்ளவில்லை என்று அவருக்குத் தோன்றியது. மனைவி பேட் துணை நிற்க, சட்டமன்ற உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பிடித்தார். பிள்ளையை எப்படிக் கூட்டிப்போவது என்று பெற்றோருக்கு அரசாங்கம் பாடம் எடுப்பதா என்று கோபித்தவர்கள் இருந்தார்கள். சீட் வாங்கக் காசில்லாத குடும்பம் என்ன செய்யும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. பல ஊர்களில் சீட்டைக் கடனாகக் கொடுத்துத் திரும்ப வாங்கும் திட்டங்கள் பிறந்தது அதனால்தான். முதல் முயற்சியில் மசோதா தோற்றது. 1977இல் வென்றது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கார் சீட்டில்தான் கூட்டிப்போக வேண்டும் என்ற சட்டத்தை உலகிலேயே முதலில் கொண்டுவந்த இடங்களில் ஒன்றாக டென்னசி ஆனது. அமெரிக்காவில் அதற்கு முன் எந்த மாநிலமும் செய்ததில்லை. 1978 ஜனவரி 1 முதல் அமல். சாண்டர்ஸுக்கு ‘டாக்டர் சீட் பெல்ட்’ என்றே பெயர் விழுந்தது. ஆனால் சட்டத்தின் நடுவில் ஒரு வரியைச் செருகிவிட்டிருந்தார்கள்.

பெரியவர் ஒருவர் குழந்தையைக் கையில் ஏந்தியிருந்தால் சீட் தேவையில்லை என்றது அந்த வரி. தாயின் மடியைவிடப் பத்திரமான இடம் எது என்ற எண்ணம்தான் அதற்குக் காரணம்; அந்த எண்ணத்தைக் குறை சொல்வதும் எளிதல்ல. கணக்கு மட்டும் வேறு மாதிரி இருந்தது. மணிக்கு 48 கிலோமீட்டரில் போகும் கார் எதிலாவது மோதினால் கண் இமைப்பதற்குள் நின்றுவிடும். அந்தக் கணத்தில் 5 கிலோ குழந்தையை நிறுத்திவைக்க 100 கிலோவுக்கு மேல் தூக்கும் பலம் வேண்டும். இரண்டு மூட்டை அரிசியை எதிர்பாராமல் வீசினால் எந்தக் கை பிடிக்கும்? இன்னொன்று அதைவிடக் கொடியது. பெல்ட் போடாத தாய் தானும் முன்னே வீசப்படும்போது, டேஷ்போர்டுக்கும் அவள் உடம்புக்கும் நடுவில் இருப்பது அவள் குழந்தை. சாண்டர்ஸும் அவரோடு நின்றவர்களும் அந்த வரிக்கு ‘பிள்ளை நசுக்கும் திருத்தம்’ என்று பேர் வைத்தார்கள். கடுமையான பேர்தான், வேண்டுமென்றேதான் வைத்தார்கள். மூன்று ஆண்டுகள் விடாமல் மோதி, 1981இல் அந்த வரியைச் சட்டத்திலிருந்து பெயர்த்தெடுத்தார்கள். 1985க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் கார் சீட் சட்டம் வந்துவிட்டது. சீட் நன்றாக இருந்தது, சட்டம் இருந்தது, வாங்குபவர்களும் பெருகினார்கள். இனி என்ன குறை என்று தோன்றும். குறை, சீட்டுக்கும் காருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் ஒளிந்திருந்தது.

ஒரு சீட் எவ்வளவு உறுதியாக வார்க்கப்பட்டாலும், காரோடு அது ஒட்டி நிற்காவிட்டால் பயனில்லை. கார் நின்ற பிறகும் சீட் ஓடும். இடைவெளியை ஓடிக் கடந்து, பெல்ட் இறுகும் இடத்தில் சடாரென்று நிற்கும். அந்தச் சடார், குழந்தையின் கழுத்தில் இறங்கும். 1970களின் நல்ல சீட்கள் சிலவற்றில் இதற்காகத் தலைமாட்டிலிருந்து ஒரு பட்டை புறப்பட்டது. அதைக் காரின் பின்பகுதியில் ஓர் ஆணியில் மாட்டினால் சீட் முன்னே சாயாது. ஆனால் காரில் அந்த ஆணி இருக்காது. பெற்றோரே புது வண்டியின் தகட்டில் துளை போட்டுத் திருகாணி முடுக்க வேண்டும். யார் துளைப்பார்கள்? பட்டை சீட்டுக்குப் பின்னால் சும்மா தொங்கியது. உற்பத்தியாளர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: மாட்டாத பட்டையை எதற்குக் கொடுப்பது? 1980களில் மேல்பட்டை இல்லாமலே சோதனையில் தேறும் சீட்கள் அமெரிக்கச் சந்தையை நிரப்பின. ஆஸ்திரேலியா நேர் எதிர் வழியில் போனது. 1970களிலேயே கார்களில் அந்தக் கொக்கி இடத்தைக் கட்டாயமாக்கிப் பட்டையைக் காப்பாற்றியது. அமெரிக்கா தூக்கிப்போட்ட பட்டை 1999இல் அதே அமெரிக்கக் கார்களுக்குத் திரும்பி வந்தது. நடுவில் இருபது ஆண்டுகள் போயிருந்தன.

அந்த இருபது ஆண்டுகளில் இன்னொரு விபரீதமும் நடந்தது, அதுவும் நல்ல நோக்கத்தில். பெரியவர்களுக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று கார்ப் பெல்ட்களைச் சுருள் வடிவில் மாற்றினார்கள். சாதாரண நேரத்தில் பெல்ட் தளர்ந்து நீளும். வண்டி திடீரென்று நிற்கும்போது மட்டும் பூட்டிக்கொள்ளும். பெரியவர்களுக்கு அது வரம். அதே பெல்ட்டால் கட்டிய குழந்தை சீட்டோ நாள்முழுக்க ஆடி ஆடித் தளர்ந்துகொண்டே இருந்தது. தீர்வாக, ஏணியின் ஒரு படி மாதிரி இரண்டு கம்பமும் நடுவில் ஒரு குறுக்குமாக வளைந்த சிறு இரும்புக் கிளிப் ஒன்றைச் சீட்டோடு சேர்த்துக் கொடுத்தார்கள். பெல்ட்டின் இரு இழைகளையும் கொக்கிக்குப் பக்கத்தில் சேர்த்துப் பிடித்து அதில் கோத்தால் பெல்ட் நழுவாது. அதன் பயன் தெரியாதவர்கள் அதைப் பெட்டியின் அடியிலேயே விட்டுவிட்டார்கள். 1996 மாடல் கார்கள் வந்த பிறகுதான் பெல்ட் தானே பூட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதியானது. ஆனால் அதற்குள் முன்னிருக்கையில் அதைவிடப் பெரிய அபாயம் வந்து அமர்ந்துவிட்டது.

பின்பார்த்த சீட் எங்கே இருந்தது? அம்மா ஓட்டிக்கொண்டே பார்க்க வசதியாகப் பல குடும்பங்களில் முன்னிருக்கையில். 1990களின் நடுவில் பயணிப் பக்கத்திலும் ஏர்பேக் வந்தது. மணிக்கு 300 கிலோமீட்டர் அளவு வேகத்தில் வெடித்து விரியும் அந்தப் பை, பெரியவரின் நெஞ்சுக்கு மெத்தை. பின்பார்த்த சீட்டில் குழந்தையின் தலை டேஷ்போர்டுக்கு அருகில் இருக்கும். பை அந்தச் சீட்டின் முதுகையே அடிக்கும். முதுகை அடித்தால் தலையை அடித்ததாகவே ஆகும். சின்ன மோதல்களில், பெரியவர்கள் கீறல்கூட இல்லாமல் இறங்கிய விபத்துகளில், கைக்குழந்தைகள் இறந்தார்கள். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்த இரண்டு நல்ல காரியங்கள் ஒன்றையொன்று சந்தித்துக் குழந்தையைக் கொன்றன. அதைப் படிக்கும்போது மனம் நடுங்குகிறது. வெயில் தடுப்பு மடலில் இன்று கண்ணில் படும் அந்த எச்சரிக்கைப் படம், பின்பார்த்த சீட்டுக்கு மேல் பை வெடிக்கும் படம், அந்தக் குழந்தைகளின் விலையில் வந்தது. பின்பார்த்த சீட்டைப் பின்னிருக்கைக்கு மாற்றும் வழக்கம் அப்போதுதான் உறுதிப்பட்டது. ஆனால் பின்னிருக்கையிலும் அந்தத் தளர்ந்த பெல்ட் பிரச்சினை அப்படியே இருந்தது.

விடை ஐரோப்பாவில் உருவாகிக்கொண்டிருந்தது. பெல்ட்டால் கட்டுவதே தொல்லை என்றால் கட்டாமலே மாட்டினால் என்ன? இருக்கையின் முதுகுக்கும் அடிமெத்தைக்கும் நடுவில், காரின் உடம்போடு பற்றவைத்த இரண்டு சிறு கம்பிகள். 6 மில்லிமீட்டர் தடிமன், நடுவிலிருந்து நடுவுக்கு 28 சென்டிமீட்டர் தூரம். சீட்டின் அடியில் அவற்றைக் கவ்வும் இரண்டு கைகள். மாட்டியதும் ‘கிளிக்’ என்ற சத்தம், பச்சை அடையாளம். 1997இல் நான்காம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் அந்தக் கம்பிகளோடு வந்தது. 1999இல் அது உலகத் தரமானது. பெயர் ஐசோஃபிக்ஸ். அமெரிக்கா 2002 செப்டம்பர் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் அந்த இரு கம்பிகளைக் கட்டாயமாக்கியது. இன்றைய கடைகளில் அடுக்கியிருக்கும் கார் சீட்டின் அடிவயிற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு உலோகக் கைகள் அங்கிருந்து வந்தவை. பட்டை, கிளிப், ஆணி, துளை என்று அலைந்த நாற்பது ஆண்டுக் கதையை அந்தக் ‘கிளிக்’ முடித்துவைத்திருக்க வேண்டும்.

முடித்துவைக்கவில்லை. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆறு மாநிலங்களில் கார்களை நிறுத்திப் பார்த்தபோது, 72.6 விழுக்காடு சீட்கள் குழந்தைக்கு ஆபத்தான வகையில் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தன. சீட்டையே கட்டாமல் விட்டவர்கள் கொஞ்சம். பட்டைகளைத் தளர விட்டவர்கள்தான் மிக அதிகம். குழந்தைக்கு இறுக்கமாக இருக்குமே என்ற பாசம்; குளிர்காலத்தில் பஞ்சு வைத்த கோட்டுக்கு மேலேயே பட்டை போடும் அவசரம். மோதும்போது பஞ்சு அமுங்கிவிடும், பட்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஓர் இடைவெளி திறந்துகொள்ளும்.

இத்தகைய தவறுகளைத் திருத்துவதற்கென்றே அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஒரு புது வேலையே பிறந்திருந்தது. 1990களின் இறுதியில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு, கார் சீட் பொருத்தத் தெரிந்தவர்களை நாலைந்து நாள் பயிற்சியில் தயார்செய்தது. தீயணைப்பு நிலையங்களிலும் மருத்துவமனை வாகன நிறுத்தங்களிலும் அவர்கள் பெற்றோரை வரவழைத்தார்கள். அவர்கள் கைப்படக் காட்டியவை எளியவை. சீட்டை மாட்டியதும், பெல்ட் அதற்குள் நுழைந்து போகும் இடத்தில் கைவைத்து ஆட்டிப் பார்த்தால் எந்தப் பக்கமும் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. பெல்ட்டில் கட்டுவதானால் சீட்டின் மேல் முழங்காலை ஊன்றி, உடல் எடையைக் கொடுத்து இழுத்தால்தான் அந்த இறுக்கம் வரும். பின்பார்த்த சீட்டில் தோள்பட்டைகள் குழந்தையின் தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். தோளருகே பட்டையைக் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு கைக்கு வரக் கூடாது. பிறந்த குழந்தைக்குச் சீட்டின் சாய்வு மிக முக்கியம். நிமிர்ந்துவிட்டால் கனத்த தலை முன்னால் விழுந்து மூச்சுக்குழல் மடங்கும். அதனால்தான் பல சீட்களின் பக்கவாட்டில் சாய்வு காட்டும் அடையாளம் இருக்கிறது. தேர்ந்தெடுப்பதும் இதே போலத்தான்: வயதைவிட எடையும் உயரமும் பேசும். பின்பார்த்த சீட்டில், எடை வரம்பைத் தாண்டாமல், தலையின் உச்சி சீட்டின் மேல்விளிம்புக்கு இரண்டரை சென்டிமீட்டராவது கீழே இருக்கும்வரை அந்தச் சீட் குழந்தைக்குப் பொருந்தும். ஐரோப்பா 2013இல் எழுதிய புதிய விதி எடைக்குப் பதில் உயரத்தை அளவாக எடுத்துக்கொண்டது. 15 மாதம் முடியும்வரை முன்பார்த்து உட்காரவைப்பதைத் தடுத்தது. எந்த விலையுயர்ந்த சீட்டும் குறிப்பிட்ட காரில் ஆடாமல் உட்காராவிட்டால் அந்தக் காருக்கு அது நல்ல சீட் இல்லை. கடையில் காசு கொடுக்கும் முன் காரில் மாட்டிப் பார்க்கச் சொல்லி அந்தப் பயிற்சியாளர்கள் வலியுறுத்தியது அதனால்தான்.

இதற்கிடையில், 2007இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. ஒன்றிலிருந்து இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பின்பார்த்த சீட் ஐந்து மடங்கு பாதுகாப்பானது என்றது. ஆல்ட்மன் நினைத்தது சரி என்று எண்களே வந்து சாட்சி சொன்னதுபோல் இருந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2011இல், இரண்டு வயது வரை பின்பார்த்தே உட்காரவைக்க வேண்டும் என்று அறிவித்தது. பிறகு ஒரு நாள் அந்த எண்களையே யாரோ மறுபடி கூட்டிப் பார்த்தார்கள். கணக்கு ஒத்துவரவில்லை. மாதிரிகளின் எடைமதிப்பைக் கையாண்ட விதத்தில் பிழை இருந்தது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

அப்படியானால் ஆல்ட்மன் தவறா? சுவீடன் தவறா? புதிதாகக் கணக்குப் போட்டவர்கள் கண்டது முற்றிலும் வேறு. முன்பார்த்தோ பின்பார்த்தோ ஒழுங்காகச் சீட்டில் அமர்ந்திருந்த ஒரு வயதுக் குழந்தைகளில் பெரிய காயம் பட்டவர்களே மிகக் குறைவு. எது மேல் என்று அமெரிக்க விபத்துப் பதிவுகளை வைத்து உறுதியாகச் சொல்லப் போதிய எண்ணிக்கை கிடைக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இறந்த குழந்தைகள் போதவில்லை என்றால் அதைவிட நல்ல செய்தி எது? கழுத்தின் இயற்பியலோ எண்களைச் சார்ந்திருக்கவில்லை. மோதல் சோதனைகளும் சுவீடனின் அனுபவமும் ஒரே திசையைக் காட்டியதால் 2018இல் அந்தக் கழகம் வயதுக் கணக்கை எடுத்துவிட்டு, அந்தச் சீட் அனுமதிக்கும் எடை, உயரம் உள்ளவரை, எவ்வளவு நாள் முடியுமோ அவ்வளவு நாள் பின்பார்த்தே என்று எழுதியது.

அடுத்த ஆண்டு இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு புதிய பிரிவு சேர்ந்தது, 194 பி. பதினான்கு வயது நிறையாத குழந்தையைப் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பிடிப்பு இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போகும் ஓட்டுநருக்கு 1000 ரூபாய் அபராதம். டென்னசியில் மூன்று ஆண்டுகள் போராடிப் பெயர்த்தெடுத்தார்களே, மடியில் ஏந்தியிருந்தால் போதும் என்ற அந்த வரி, அது இந்தப் பிரிவில் இல்லை.